கூடுதலாக ஒரு முட்டை

வகுப்பைப் பிள்ளைகள் கையில் விட்டுக்கொடுத்த டீச்சர் என்று சாஜிதா பானுவுக்குச் சங்கரன்கோவில் வட்டாரம் முழுக்கப் பெயர் வந்தது. அந்தப் பெயர் வந்த கதையைக் கேட்டால் முதலில் சிரிப்பு வரும். பிறகு, ஏன் சிரித்தோம் என்று இருக்கும்.

நவம்பரில் மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். பயிற்சி என்றால் தெரியாதா? காலையில் ஒரு கையெழுத்து, பதினொரு மணிக்கு வடை, சாயங்காலம் இன்னொரு கையெழுத்து. மதுரையிலிருந்து வந்த சின்ன வயதுப் பெண் ஒருத்தி, மாணவர்களே முன்னின்று நடத்தும் வகுப்பு என்று ஆரம்பித்தாள். கேள்வியை அவர்கள் எழுப்பட்டும், விடையை அவர்கள் தேடட்டும், ஆசிரியர் கரும்பலகையை விட்டுக் கடைசி பெஞ்சுக்குப் போய் உட்காரட்டும் என்றாள். இருந்த நாற்பது ஆசிரியர்களும், விட்டால் பிள்ளைகள் தலையில் ஏறி உட்கார்ந்துவிடும் என்று ஒருவருக்கொருவர் கண்ணைக் காட்டிக்கொண்டார்கள். சாஜிதா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கரும்பலகையை விட்டுப் போகலாம் என்று ஒருத்தி சொல்லுகிறாளே, அதுவும் அரசாங்க உத்தரவோடு சொல்லுகிறாளே என்று அவளுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

கல்வியின் மேல் வந்த காதல் என்று நினைத்துவிட வேண்டாம். கரும்பலகைக்கு முன்னால் நின்று திரும்பினால் எட்டாம் வகுப்பின் ஜன்னலோரத்து இரண்டாவது பெஞ்சு கண்ணில் படும். நாலு பேர் பெஞ்சில் மூன்று பிள்ளைகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். நாலாவது இடம் சும்மா கிடக்கும். அதில் உட்காரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் ஒரு பையைக்கூட அங்கே யாரும் வைப்பதில்லை. அது பொன்மணியின் இடம்.

பொன்மணி ஆகஸ்டில் செத்துப்போனாள். ஆடித்தபசுத் திருவிழாவுக்கு முந்தின நாள், ஊருக்கு வெளியே கைவிட்டுக் கிடந்த கல்குவாரித் தண்ணீரில். ஆடு மேய்க்கப் போனவர் மறுநாள் காலை பார்த்துச் சொன்னார். சீருடை போட்டிருந்தாள், பை கரையில் இருந்தது, செருப்பு இரண்டும் பக்கத்தில் சேர்த்து வைத்திருந்தது. கால் கழுவ இறங்கி வழுக்கியிருப்பாள் என்று போலீஸ் எழுதிக்கொண்டது.

அவ்வளவுதான் என்றால் சாஜிதா அழுதுவிட்டு ஆறியிருப்பாள். முப்பத்தெட்டு வயதில் எத்தனையோ மௌத்தைப் பார்த்தவள். விஷயம் வேறு. பொன்மணி சாவதற்கு முன்னால் இருபத்தேழு நாள் பள்ளிக்கூடத்துக்கே வரவில்லை. அந்த இருபத்தேழு நாளும் அவள் வந்ததாக சாஜிதா வருகைப் பதிவேட்டில் போட்டிருந்தாள்.

தலைமையாசிரியர் ஏசுவடியான் சார் சொல்லித்தான் போட்டாள். ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பள்ளியில் எத்தனை பிள்ளைகள் என்று மேலே கணக்கெடுப்பார்கள். தலை ஒன்று குறைந்தாலும் ஒரு பணியிடம் உபரி. உபரி என்றால் கடைசியாகச் சேர்ந்தவருக்கு மாறுதல். கடைசியாகச் சேர்ந்தவள் சாஜிதா. வாரம் இரண்டு முறை டயாலிசிஸுக்கு வாப்பாவைக் கூட்டிப் போகிறவள், இளையரசனேந்தலுக்கு அங்கிட்டு ஏதோ ஒரு காட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டால் என்ன செய்வாள்? "ஆகஸ்ட் ஒண்ணு வரைக்கும் ஓட்டுங்க டீச்சர். பூக்காரம்மா மவதான, ஆடி வருதுல்ல, அம்மாகூடப் பூவெடுக்கப் போயிருக்கும். தபசு முடிஞ்சா தன்னால வந்துரும்" என்றார் சார். ஊரில் எல்லாப் பள்ளிக்கூடத்திலும் நடக்கிறதுதானே என்று சாஜிதாவும் ஓட்டினாள். ஒன்றாம் தேதி போன பிறகும் கை பழக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது.

ஜூலை நடுவில் ஒருநாள் பொன்மணியின் அம்மா முத்துத்தாய் வந்தாள். பூச்சந்தையிலிருந்து நேரே வந்திருந்தாள், சேலை நனைந்திருந்தது. வகுப்பு வாசலில் நின்று, "டீச்சர், எம்மவ பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்கா வருதாளா? பஸ்ஸுல பாத்தேன்னு ஒருத்தி சொல்லுதா. வயித்துல புளியக் கரைச்ச மாரி இருக்கு, அதான் வந்தேன்" என்றாள்.

பிள்ளை அம்மாவோடும் இல்லை என்று சாஜிதாவுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. வராந்தாவில் ஏசுவடியான் சார் நின்றுகொண்டிருந்தார். பதிவேடு மேஜைமேல் திறந்து கிடந்தது. வாய் தன்பாட்டுக்குப் பேசியது. "வாராளேக்கா. இந்தா பாருங்க" என்று பதிவேட்டைத் திருப்பியே காட்டினாள். முத்துத்தாய்க்குப் படிக்கத் தெரியாது. ஆனாலும் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். "பேரு சொன்னா உள்ளேன்னு சொல்லுதாள்ல? அது போதும்" என்று கும்பிட்டுவிட்டுப் போனாள். பொன்மணி அப்போது வகுப்பில் இல்லையே என்று அவள் கேட்கவில்லை. வரிசையில் தண்ணீர் குடிக்கப் போயிருந்தார்கள் பாதிப் பிள்ளைகள். அல்லாஹ் அந்த நேரத்தில்தானா அவர்களுக்குத் தாகத்தைக் கொடுக்க வேண்டும்!

நாளைக்குப் பிள்ளைகளிடம் விசாரிக்க வேண்டும் என்று நினைத்தாள். அந்த நாளை வரவேயில்லை. ஆதார் சரிபார்ப்பு வந்தது, வாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தது, பிறகு தபசு வந்தது.

ஒரு பொய்யை மறைக்க ஒன்பது பொய் என்பார்கள். சாஜிதா ஒன்பதோடு நிறுத்தவில்லை. பொன்மணி செத்த அன்றைக்கு மாலை நாலு பத்துக்கு மாணவி பள்ளியை விட்டுக் கிளம்பினாள் என்று போலீசுக்கு எழுதிக் கொடுத்தாள். கருமாதி முடிந்து முத்துத்தாய் வந்து, "கடேசி நாளு எம்மவ என்ன படிச்சா டீச்சர்?" என்று கேட்டபோது, விகிதக் கணக்கு என்றாள். "சரியாப் போட்டாளா?" "முதல் ஆளாப் போட்டாக்கா." "சிரிச்சாளா?" "சிரிச்சா." முத்துத்தாய் அந்தச் சிரிப்பைக் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்திக்கொண்டாள். அது முதல் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு முழம் பிச்சிப்பூவோடு வருவாள். பூவை டீச்சர் கையில் கொடுத்து, இன்னொரு தடவை சொல்லச் சொல்லுவாள். சாஜிதா அதே கணக்கை, அதே சிரிப்பை, ஒரு எழுத்து மாறாமல் சொல்லுவாள். மாறினால் மாட்டிக்கொள்வோம் என்று பயந்து வீட்டில் மனப்பாடம் செய்தாள். பூவைத் தலையில் வைக்க முடியாது, எறியவும் கை வராது. பஸ்ஸில் இறங்கும்போது சீட்டிலேயே மறந்ததுபோல வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

பேய் பிசாசு என்று பேசினால் வாப்பா அடிக்க வருவார்; அப்படி வளர்ந்தவள் அவள். ஆனால் காலையில் பெயர் கூப்பிடும்போது பதினாறுக்கும் பதினெட்டுக்கும் நடுவில், பொன்மணி பெயர் இருந்த இடத்தில், ஒரு மூச்சு நேரம் இருக்கிறதே, அதற்குள் தினமும் மெல்லிய குரலில் ஒரு "உள்ளேன் டீச்சர்" கேட்கத்தான் செய்தது. ஒருநாள் அவள் பெயரைத் தலைகீழாக, கடைசியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தாள். அப்போதும் கேட்டது.

இப்போது புரியும், கடைசி பெஞ்சுக்குப் போ என்றவுடன் அவள் ஏன் அப்படி நிமிர்ந்தாள் என்று.

பயிற்சி முடிந்த திங்கட்கிழமையே சாக்பீஸைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டாள். பெயர் கூப்பிடுவதைக்கூட அவர்களிடமே விட்டாள். கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தால் முதுகுகள்தான் தெரிந்தன; முகங்கள் தெரியவில்லை. அந்த இடைவெளியும் மற்ற முதுகுகளுக்கு நடுவில் கொஞ்சம் மறைந்தது. மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கியது.

பிள்ளைகளோ, கட்டவிழ்த்து விட்ட கன்றுக்குட்டிகள்தான். முதல் வாரம் ஒரே சத்தம். இரண்டாவது வாரம் சத்தத்துக்குள் கணக்கு கேட்டது. துரைப்பாண்டி என்று ஒருத்தன் இருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து வாய் திறக்காதவன். அவன் சத்துணவுக் கூடத்துச் சாம்பார் அண்டாவை அளந்து வந்து உருளையின் கனஅளவைப் பலகையில் போட்டான். ஜன்னத்துல் பிர்தௌஸ் கோயில் தெப்பக்குளத்தின் சுற்றளவைக் காலடியால் அளந்து வந்தாள். விடை தப்பினால் அடித்துக்கொண்டார்கள், அடித்துக்கொண்டு திருத்தினார்கள். வாசுதேவநல்லூரிலிருந்து இரண்டு டீச்சர்மார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். ஏசுவடியான் சார் போட்டோ எடுத்து வாட்ஸப்பில் போட்டார். சாஜிதா தப்பித்தோம் என்று பெருமூச்சு விட்டாள். ஓடி ஒளிந்த இடத்தில் ஒருத்திக்கு மாலை போட்டார்கள் என்றால், அது இவளுக்குத்தான்.

ஜனவரியில் புள்ளியியல் பாடம் வந்தது. புத்தகத்துக் கணக்கு வேண்டாம், ஊரில் தாங்களாகத் தகவல் திரட்டிப் படம் வரையட்டும் என்று சாஜிதா சொன்னாள். ஒரு குழு மழையளவு எடுத்தது. ஒரு குழு பூ விலை எடுத்தது. துரைப்பாண்டியின் குழு முட்டை என்று எழுதிக் கொடுத்தது. சத்துணவு முட்டையை யார் யார் சாப்பிடுகிறார்கள் என்று கணக்கெடுப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டாள்.

மாத இறுதியில் பெற்றோரைக் கூப்பிட்டுக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. வட்டாரக் கல்வி அலுவலர் வேறு வருகிறார். முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் சுவரில் படங்களை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். துரைப்பாண்டி குழுவின் படம் பெரிய சார்ட்டில் இருந்தது. வரிசையாக இருபத்தேழு பட்டை. எல்லாம் ஒரே உயரம். ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு தேதி, மேலே ஒரு பிள்ளையின் பெயர். தலைப்பு: 'கூடுதலாக ஒரு முட்டை வந்த நாட்கள்'.

சாஜிதா முதல் தேதியைப் பார்த்தாள், ஜூலை ஒன்று. கடைசித் தேதியைப் பார்த்தாள், தபசுக்கு முந்தின நாள்.

"இது என்னலே?" என்றாள்.

"முட்டை டீச்சர்" என்றான் துரைப்பாண்டி சந்தோஷமாக. "நீங்க எத்தன பேருன்னு சீட்டு எழுதிக் குடுப்பீங்கல்லா? நான்தான சீட்டக் கொண்டு போயிக் குடுப்பேன். அந்த நாள்ல எல்லாம் ஒரு முட்டை மிஞ்சும். சண்டை வரக்கூடாதுன்னு முறை வச்சோம். பதிவேட்டுல ஒண்ணாம் நம்பர்லருந்து ஆளுக்கு ஒரு நாள். வீட்டுச் சாப்பாடு கொண்டு வாரவங்களும் அந்த முட்டைக்கு மட்டும் முறையில நிப்பாங்க. அதான் யாருக்கு எந்தத் தேதின்னு எல்லாத்துக்கும் ஞாவகம் இருக்கு."

"எனக்குத்தான் வரல டீச்சர்" என்றான் பக்கத்தில் நின்ற முகம்மது சாதிக். "நான் இருபத்தெட்டாவது ஆளு. என் முறை வாரப்ப நின்னு போச்சு."

அவன் குறையாகத்தான் சொன்னான். அதில் குத்தல் எதுவும் இல்லை. ஜன்னத் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு பசையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏன் கூடுதலா வந்துச்சுன்னு மட்டும் எழுதல டீச்சர்" என்றான் துரைப்பாண்டி. "காரணம் தெரியாம எழுதக் கூடாதுன்னு சொல்லிருக்கீங்கள்ல. உங்ககிட்ட கேட்டு எழுதலாம்னு வச்சிருக்கோம்."

அவள் நாளைக்குச் சொல்கிறேன் என்றாள். பிள்ளைகளை அனுப்பிவிட்டு ஏசுவடியான் சாரைக் கூட்டிவந்து காட்டினாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு தேதியாகப் பார்த்தார். நல்ல மனிதர்தான், பயந்த மனிதர். நல்லவர்கள் பயந்தால் என்ன ஆகும் என்பதற்கு உதாரணம் தேடி வெளியூர் போக வேண்டியதில்லை.

"கழட்டுங்க" என்றார். "டீச்சர், இது உங்க வேலையோட போவாது. நீங்க போலீசுக்கு எழுதிக் குடுத்திருக்கீங்க. நானும் கீழ கையெழுத்துப் போட்டிருக்கேன். அந்தம்மாவ நினைச்சுப் பாருங்க. மவ சிரிச்சிட்டுப் போனான்னு இருக்கு அது. அதப் போயி ஏன் எடுக்கணும்?"

கடைசியில் சொன்னது சாஜிதாவுக்கு வசதியாக இருந்தது. முத்துத்தாய்க்காகத்தான் கழற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு கழற்றினாள். சுருட்டிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள். திரும்பும்போது காலி வகுப்பறையில் வேகவைத்த முட்டையின் வாடை அடித்தது. மணி ஐந்து. சத்துணவுக்கூடம் பூட்டி இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் வராந்தாவில் வேகமாக நடந்தாள். கேட்டைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

மறுநாள் அலுவலர் பத்து மணிக்கே வந்தார். மழையளவுப் படத்தைப் பார்த்தார், தெப்பத்தின் சுற்றளவைக் கேட்டார், சாஜிதாவை வெகுவாகப் பாராட்டினார், காபி குடித்தார், போனார். துரைப்பாண்டி குழுவின் இடத்தில் வெறும் சுவர் இருந்தது. பிள்ளைகள் ஒன்றும் கேட்கவில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஏனோ அந்த அமைதி அவளுக்குப் பிடிக்கவில்லை.

பதினொரு மணிக்கு மேல் பெற்றோர்கள் வர ஆரம்பித்தார்கள். பத்துப் பன்னிரண்டு அம்மாக்கள், இரண்டு அப்பாக்கள். எல்லோருக்கும் கடைசியாக முத்துத்தாய் வந்தாள். கையில் வாழையிலைப் பொட்டலம். வெள்ளிக்கிழமை அல்ல அன்று.

"என்னக்கா இன்னைக்கு?" என்றாள் சாஜிதா.

"இந்தப் பிள்ளை வந்து கூப்பிட்டுச்சு டீச்சர். எல்லா அம்மாவும் வாராங்க, நீங்களும் வாங்க அத்தைன்னு" என்று ஜன்னத்தைக் காட்டினாள் முத்துத்தாய். முகம் மலர்ந்திருந்தது. எட்டாம் வகுப்புப் பெற்றோர் வரிசையில் தனக்கும் ஒரு நாற்காலி போட்டதில் அவளுக்கு அவ்வளவு பெருமை.

துரைப்பாண்டி முன்னால் வந்தான். "எங்க படத்தக் காணோம். அதனால பட்டைக்குப் பதிலா நாங்களே நிக்கப் போறோம்" என்றான். சொன்னதும் பிள்ளைகள் எழுந்தார்கள். சுவரோரமாக ஒவ்வொருவராகப் போய் நின்றார்கள். ஆளுக்கு ஒரு நோட்டுத் தாள். அதில் பெரிய எழுத்தில் ஒரு தேதி. நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டார்கள். இருபத்தேழு பேர். ஜூலை ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சனி ஞாயிறு வந்த இடத்தில் ஒரு ஆள் இடைவெளி விட்டு நின்றார்கள். அவ்வளவு சரியாகச் செய்தார்கள். அவள் சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம்.

"இதெல்லாம் கூடுதலா ஒரு முட்டை வந்த நாளு" என்றான் துரைப்பாண்டி பெற்றோரைப் பார்த்து. "ஏன் வந்துச்சுன்னு தெரியல. டீச்சர் சொல்லுவாங்க."

அத்தனை கண்ணும் சாஜிதாவிடம் திரும்பின. சமையலம்மா தப்பாக எண்ணிவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பார்கள். வாசலில் ஏசுவடியான் சார் தலையை இடவலமாக ஆட்டிக்கொண்டு நின்றார். தேதி பிடித்து நின்ற வரிசையின் கடைசியில் ஒரு பெண் நின்றாள். தபசுக்கு முந்தின நாளைப் பிடித்திருந்தாள். முகத்தைத் தாள் பாதி மறைத்திருந்தது. யார் என்று ஒரு கணம் சாஜிதாவுக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த ஒரு கணத்தில் அவளுக்கு எல்லாம் விட்டுப்போயிற்று. தாளை இறக்கியபோது அது அப்ரீன் பானு.

"அது பொன்மணி முட்டை" என்றாள் சாஜிதா.

முத்துத்தாய் நிமிர்ந்தாள்.

"அந்த இருபத்தேழு நாளும் பொன்மணி பள்ளிக்கூடத்துக்கு வரலக்கா. வந்ததா நான் போட்டேன். எண்ணிக்கை குறைஞ்சா என்னைய மாத்திருவாங்கன்னு போட்டேன். நீங்க வந்து கேட்ட அன்னைக்கும் அவ இல்ல. கடேசி நாளும் இல்ல."

சொல்லிவிட்டாள். சொன்னால் பாரம் இறங்கும் என்பார்களே, அப்படி எதுவும் இறங்கவில்லை.

"அப்பம் அந்தக் கணக்கு?" என்றாள் முத்துத்தாய்.

"நான் கட்டினது."

"அவ சிரிச்சது?"

"அதுவும்தான்க்கா."

முத்துத்தாய் மடியிலிருந்த பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். திட்டுவாள், மண்ணை வாரி விடுவாள் என்று மற்ற அம்மாக்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். "அப்பம் எம்மவ எங்கனதான் இருந்தா மக்கா?" என்றாள்.

ஜூலை மூன்றைப் பிடித்திருந்தவன், "நான் பஸ் ஸ்டாண்டுல பாத்தேன் அத்தை. பை வச்சிட்டு உக்காந்திருந்தா" என்றான். "டவுன் பஸ்ஸுல போவா" என்றாள் ஜூலை ஒன்பது. "பொம்பளப் பிள்ளைகளுக்குத் துட்டுக் கிடையாதுல்லா. சிவகிரி போயிட்டு அதே பஸ்ஸுல திரும்பி வருவா. மறுபடி போவா. எங்க மாமா கண்டக்டரு, அவங்களும் பாத்திருக்காங்க." ஜூலை பதினெட்டு கோயில் மண்டபத்தில் பார்த்திருந்தது. ஜூலை இருபத்தொன்பது, நாலு மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டதும் வாசலில் நின்று எல்லோருக்கும் பின்னால் வீட்டுக்கு நடந்ததைச் சொன்னது. கடைசியாக அப்ரீன் பானு, "அன்னைக்குத் தபசுக் கூட்டம். பஸ்ஸுல ஏற விடல. நடந்து போனா" என்றாள்.

ஒவ்வொரு தேதியிடமும் ஒரு துண்டு இருந்தது. ஒரு மாதம் முழுக்க அந்தப் பெண் எங்கே இருந்தாள் என்று அந்த வகுப்புக்குத் தெரிந்திருந்தது. டீச்சருக்குத்தான் தெரியவில்லை.

"ஏன்லே என்கிட்ட சொல்லல?" என்று சாஜிதா கத்தியேவிட்டாள். "ஒருத்தராவது சொல்லியிருக்கக் கூடாதா?"

துரைப்பாண்டி மிரண்டு போய்ப் பார்த்தான். "நீங்க அவ வந்திருக்கான்னு போட்டீங்களே டீச்சர். தெனமும் அவ பேரு கூப்பிடுவீங்க. யாரும் உள்ளேன்னு சொல்ல மாட்டாங்க. ஆனா நீங்க கேட்டுட்ட மாரி கோடு போடுவீங்க. அப்பம் நாங்க வெளிய பாத்தது யாரு? சொல்லவே பயமா இருந்துச்சு."

சாஜிதா மேஜையைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை மாதமாகத் தனக்கு மட்டும்தான் அந்தக் குரல் கேட்கிறது என்று நினைத்திருந்தாள். பிள்ளைகள் அதற்கும் ஒரு மாதம் முன்னாலேயே, பொன்மணி உயிரோடு இருக்கும்போதே, அவளைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். எதிரே வந்தால் ஒதுங்கியிருப்பார்கள். சாலையில் கூப்பிட்டாலும் திரும்பியிருக்க மாட்டார்கள். அந்தப் பிள்ளையை உயிரோடு பேயாக்கியது தன் பேனா என்பதை நினைத்தபோது அவளுக்கு வாய்விட்டு அழ வேண்டும்போல இருந்தது, அழுகைகூட வரவில்லை.

"ஏன் வரல? பள்ளிக்கூடம்னா உசிரா இருப்பாளே" என்றாள் முத்துத்தாய். அவள் குரல் உடைந்தது அப்போதுதான். "யாரும் அடிச்சாங்களா? யாரும் எதுவும் சொன்னாங்களா?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் ஜன்னத்திடம் இருந்தது என்பது அவர்கள் பார்வையிலேயே தெரிந்தது. பொன்மணியின் பக்கத்து இடத்துக்காரி அவள். தாளைக் கீழே இறக்கினாள். சாஜிதாவைப் பார்க்காமல் முத்துத்தாயைப் பார்த்துச் சொன்னாள்.

"ஜூன் கடேசி நாளு அவ ஜியாமெட்ரி பாக்ஸ் கொண்டு வரல அத்தை. மூணாவது தடவ. டீச்சர் வெளிய நிக்கச் சொன்னாங்க. நாளைக்கு உங்கம்மாவக் கூட்டிட்டு வந்தாத்தான் வகுப்புக்குள்ள கால் வைக்கணும்னாங்க. நீங்க விடியக்கருக்கல்ல சந்தைக்குப் போயிருதீங்க, அங்கருந்து தோட்டத்துக்குப் போயிருதீங்க, ஒரு நா போச்சுன்னா வேலையில வச்சுக்க மாட்டாங்கன்னு அவ உங்ககிட்ட சொல்லவேயில்ல. தபசு முடிஞ்சதும் சொல்லுதேன்னு அன்னைக்கே எங்கிட்ட சொன்னா."

சாஜிதாவுக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் நினைவில்லை. அம்மாவக் கூட்டிட்டு வா, அப்பாவக் கூட்டிட்டு வா என்று வருஷத்துக்கு எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்? எந்த டீச்சர்தான் சொல்லவில்லை? பிள்ளைகள் ஒருநாள் முழித்துவிட்டு மறுநாள் பல்லைக் காட்டிக்கொண்டு உள்ளே வந்துவிடும், டீச்சரும் மறந்திருப்பாள். அதுதான் வழக்கம். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு போன பிள்ளை இவள் ஒருத்திதான்.

முத்துத்தாய் நாற்காலியிலிருந்து எழுந்தாள். மடியிலிருந்த பூப்பொட்டலம் விழுந்தது. அதை அவள் கவனிக்கவில்லை. சாஜிதாவுக்கு முன்னால் வந்து நின்றாள். அடிப்பாள் என்று சாஜிதா நினைத்தாள், அடிக்க வேண்டும் என்றும் நினைத்தாள். முத்துத்தாய் கையை ஓங்கவில்லை. புரியாத கணக்கைக் கேட்கிற பிள்ளை மாதிரி அவள் முகத்தையே பார்த்தாள்.

"நான் வந்தேனே டீச்சர்" என்றாள். "இந்த வாசல்லதான நின்னேன். நான் வந்தேனே."